மிஞ்சிப்போன வான்கோழியை மறுபடி வறுக்காதீர்கள்

கேள்வி: அமெரிக்காவின் நன்றி நாள் விருந்தான தேங்க்ஸ்கிவிங்குக்கு 16 பவுண்டு வான்கோழி வாங்கி ஓவனில் சுட்டோம். வருவதாகச் சொன்ன இரண்டு குடும்பம் கடைசி நேரத்தில் வரவில்லை. பாதிக்கு மேல் அப்படியே ஃப்ரிட்ஜில் இருக்கிறது. மைக்ரோவேவில் சூடாக்கினால் சக்கையாக இருக்கிறது, ஒரு மாதிரி வாடை வேறு. மசாலா போட்டு வறுத்தும் பார்த்தாயிற்று, பிள்ளைகள் தொடவில்லை. இன்று சனிக்கிழமை. க்ரீமியாக, குளிருக்கு இதமாக, ஒரு முழு இரவுச் சாப்பாடாக இதை மாற்ற முடியுமா?

முடியும். மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அதே மீனை வறுத்து வைத்தால் மறுநாள் அதன் பக்கம் யாரும் போகமாட்டோம். மீன் என்னவோ ஒன்றுதான். ஒரு துண்டு குழம்புக்குள் மூழ்கிக் கிடந்தது, இன்னொரு துண்டு தட்டில் காற்று வாங்கிக்கொண்டு கிடந்தது. உங்களிடம் இப்போது இருப்பது இரண்டு நாள் பழைய வறுவல். அதை மைக்ரோவேவில் சுட்டீர்கள், அப்புறம் வாணலியில் வறுத்தீர்கள். ஏற்கெனவே காய்ந்ததை இன்னும் காயவைத்தால் சக்கைதான் மிஞ்சும். அதற்கு வேண்டியது ஒரு குழம்பு. இந்த ஊர்க் கணக்கில் குழம்பு என்றால் வெண்ணெய், மாவு, எலும்புச் சாறு, பால் நான்கும் சேர்ந்த வெள்ளைச் சாஸ்.

அந்த வாடை உங்கள் பிரமை இல்லை. உணவு விஞ்ஞானத்தில் அதற்கு 'வார்ம்டு ஓவர் ஃபிளேவர்' என்று பெயரே உண்டு, 1958இல் வைத்தது. கறி வேகும்போது அதிலுள்ள இரும்புச் சத்து கட்டவிழ்ந்து வெளியே வருகிறது. அது சதைக்குள் இருக்கும் கொழுப்போடும் காற்றோடும் சேர்ந்து அந்தக் கொழுப்பைக் கெடுக்கிறது. சிக்கு வாடைதான், ஆனால் எண்ணெய்ப் பலகாரம் சிக்கடிக்க வாரக்கணக்கில் ஆகும்; வெந்த கறிக்கு ஓரிரு நாள் போதும். வான்கோழிக்கு இந்தத் தொல்லை கோழியைவிட அதிகம். அதன் சதையில் சுலபமாகக் கெடும் வகைக் கொழுப்பு நிறைய, அதைக் காப்பாற்றும் வைட்டமின் ஈ குறைவு. மைக்ரோவேவில் சூடாக்கியதும் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை குப்பென்று வருவது அதனால்தான். காற்றுப் படாமல் சாறிலோ கிரேவியிலோ மூழ்கியிருக்கும் கறியில் இது மிகவும் மட்டுப்படும். ஆகவே இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக, மிச்சக் கறி முழுவதையும் எலும்பிலிருந்து பிய்த்து ஒரு டப்பாவில் அழுத்தி வைத்து, கிரேவி மீதமிருந்தால் மேலே ஊற்றி மூடுங்கள். இரவுதானே சமைக்கப்போகிறோம் என்று விடாதீர்கள்.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும், கோபிக்காதீர்கள். வியாழனன்று அந்தப் பறவை எவ்வளவு நேரம் மேசை மேல் கிடந்தது? இங்கே தேங்க்ஸ்கிவிங் சாப்பாடு மதியம் மூன்று மணிக்குத் தொடங்கும். அதற்கு முன்னும் பின்னும் டிவியில் அமெரிக்கக் கால்பந்து. டெட்ராய்ட் லயன்ஸ் அணி 1934இலிருந்து அன்றைக்கு ஆடுகிறது, டாலஸ் கவ்பாய்ஸ் 1966இலிருந்து. மேட்ச் முடிந்து பை என்ற இனிப்பைச் சாப்பிட்டுக் காபி குடித்து எல்லாரும் எழுந்திருக்க இரவு எட்டாகிவிடும். வான்கோழி அதுவரை அதே தட்டில் கிடக்கும். அமெரிக்க விவசாயத் துறை சொல்லும் கணக்கு இரண்டு மணி நேரம். அதற்குள் ஃப்ரிட்ஜுக்குள் போயிருக்க வேண்டும். போயிருந்தால் மூன்று, நான்கு நாள் தாங்கும். உங்களுக்கு அது திங்கட்கிழமை வரை. ஐந்தாறு மணி நேரம் வெளியில் கிடந்தது என்றால் நான் சொல்லும் எந்தச் சாஸும் அதைக் காப்பாற்றாது, தூக்கிப் போட்டுவிடுங்கள். நன்றாகக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று அம்மாக்கள் சொல்வார்கள். பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியையும் தாண்டிப் பிழைத்து, பெரிய பாத்திரம் மெல்ல ஆறும்போது அதற்குள் பெருகும். நவம்பர், டிசம்பர் விருந்துகளுக்குப் பிறகு கும்பலாக வயிற்றுப்போக்கு வருவதற்கு இந்தக் கிருமி ஒரு முக்கியமான காரணம்.

சரி, பறவை நல்ல நிலையில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் இருப்பதில் விலை மதிப்புள்ள பொருள் கறி இல்லை, அந்த எலும்புக்கூடு. அதைக் குப்பையில் போட்டிருந்தால் எனக்குச் சொல்லாதீர்கள், மனசு கஷ்டப்படும். மார்பெலும்பு, முதுகு, இறக்கை நுனி, கால் எலும்பு எல்லாவற்றையும் கையால் முறித்து ஒரு பெரிய பாத்திரத்தில் போடுங்கள். மூழ்கும் வரை பச்சைத் தண்ணீர். எனக்கு வழக்கமாக மூன்று, மூன்றரை லிட்டர் பிடிக்கும். நான்காக வெட்டிய வெங்காயம் தோலோடு, ஒரு கேரட், செலரித் தண்டு இரண்டு, பத்துப் பன்னிரண்டு மிளகு, ஒரு பே இலை. நம் பிரிஞ்சி இலை வேண்டாம், அதில் பட்டை வாசனை தூக்கும். உப்பும் போடாதீர்கள். உங்கள் வான்கோழி உப்புத் தண்ணீரில் ஊறியிருக்கும், இல்லையென்றால் கடையிலேயே உப்பு ஏற்றி விற்றிருப்பார்கள். சாறு சுண்டச் சுண்ட அந்த உப்பே போதும் போதும் என்றாகும். ஈரல் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், கசக்கும்.

சிம்மில் வைத்து மூன்று மணி நேரம். தளதளவென்று கொதிக்கக்கூடாது, அங்கங்கே ஒரு குமிழி வந்தால் போதும். அவ்வளவு நேரம் இல்லையென்றால் பிரஷர் குக்கரில் முக்கால் மணி நேரம். நம் ஊர் ஐந்து லிட்டர் குக்கரில் இது ஒரே தடவையில் அடங்காது, இரண்டு ஈடாக வையுங்கள். வடிகட்டி, உடனே பாத்திரத்தோடு ஐஸ் தண்ணீரில் நிறுத்திக் கிளறி ஆறவிட்டு, சின்னச் சின்ன டப்பாக்களில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிர்ந்ததும் ஆட்டுக்கால் சூப் போலக் கெட்டியாக உறைந்திருந்தால் சரியான பதம். மேலே படிந்திருக்கும் மஞ்சள் கொழுப்பை வழித்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சாஸுக்கு வெண்ணெயோடு அதையும் போடலாம்.

இனி என்ன பண்டம் என்பது. இந்த ஊரில் இதற்கு நான்கைந்து வழி இருக்கிறது. மாவுக் கூட்டுக்குள் வைத்துச் சுடும் பாட் பை, டோஸ்ட் மேல் ஊற்றும் 'அ லா கிங்', எங்கள் மினசோட்டா மாநிலத்தில் ட்ரேயில் கலந்து சுடும் ஹாட்டிஷ். நான் உங்களுக்குச் சொல்லப்போவது டெட்ராசினி. ஸ்பகெட்டி, காளான், வெள்ளைச் சாஸ், கறி, மேலே மொறுமொறுவென்று ரொட்டித் தூள், ஓவனில் இருபத்தைந்து நிமிடம். பை மாதிரி மாவு தேய்க்கும் வேலை இல்லை, பிள்ளைகளுக்கு நூடுல்ஸ் சாப்பிட்ட திருப்தியும் கிடைக்கும்.

பெயரைப் பார்த்து இத்தாலியப் பலகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். லூயிசா டெட்ராசினி 1871இல் ஃபுளோரன்ஸில் பிறந்த ஓப்ராப் பாடகி. அவர் இத்தாலிக்காரர், பண்டம் அமெரிக்காவுடையது. சான் ஃபிரான்சிஸ்கோ அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. 1910 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு மார்க்கெட் தெருவில் லாட்டா நீரூற்றுப் பக்கம் மேடை போட்டு அவர் இலவசமாகப் பாடினார். இரண்டு லட்சத்துக்கும் மேல் கூட்டம் என்று அன்றைக்குக் கணக்குச் சொன்னார்கள். பண்டத்தைக் கண்டுபிடித்தது அந்த ஊர் பேலஸ் ஹோட்டலா, நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் ஹோட்டலா என்று இரண்டு கட்சி. 1908இலேயே ஒரு பத்திரிகையில் நியூயார்க் 42ஆம் தெரு உணவகப் பண்டமாக இது அச்சாகிவிட்டது, அதுவும் கோழியில் இல்லை, வான்கோழியில். பாடகிகளின் பெயரில் பண்டம் செய்வது அந்தக் காலத்து வழக்கம். டெட்ராசினிக்குப் போட்டியாக இருந்த நெல்லி மெல்பாவுக்கு பீச் மெல்பா என்ற இனிப்பு கிடைத்தது. நமக்குக் கிடைத்தது இந்த ட்ரே சாப்பாடு, அதிலும் லாபம் நமக்குத்தான்.

ஒன்பதுக்குப் பதின்மூன்று அங்குல ட்ரேயில் ஆறு பேருக்குக் கணக்குச் சொல்கிறேன். பிய்த்த கறி நான்கு கப், அதாவது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. ஸ்பகெட்டி 340 கிராம், காளான் அதே அளவு. வெண்ணெய் மொத்தம் 125 கிராம் எடுத்து வையுங்கள்: சாஸுக்கு 70, மிச்சம் காளானுக்கும் ரொட்டித் தூளுக்கும். மைதா ஆறு மேசைக்கரண்டி. எலும்புச் சாறு மூன்று கப், முழுக் கொழுப்புப் பால் ஒரு கப், ஹெவி க்ரீம் அரைக் கப். ஒரு வெங்காயம், மூன்று பல் பூண்டு, உறைந்த பட்டாணி ஒரு கப், துருவிய பார்மஜான் சீஸ் ஒரு கப், ரொட்டித் தூள் ஒரு கப். ஜாதிக்காய் கொஞ்சம். ட்ரை ஷெர்ரி என்ற இனிப்பில்லாத ஒயின் கால் கப். வேண்டாதவர்களுக்குப் பின்னால் மாற்று சொல்கிறேன்.

முதலில் கறி. நெஞ்சுக் கறியும் தொடைக் கறியும் ஒன்றல்ல. தொடையில் கொழுப்பு உண்டு, எவ்வளவு சூடாக்கினாலும் பொறுத்துக்கொள்ளும். அதைக் கையால் பெரிது பெரிதாகப் பிய்த்தால் போதும். நெஞ்சுக் கறியின் நார் நீளம். நாரின் போக்கிலேயே பிய்த்தால் தேங்காய் நார் மாதிரிப் பல்லில் மாட்டும். கத்தியால் நாருக்குக் குறுக்கே அரை அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். இரண்டையும் ஒரு கிண்ணத்தில் போட்டு அரைக் கப் சாறு தெளித்து மூடி, அடுப்பு வேலை முடியும் வரை ஃப்ரிட்ஜிலேயே விடுங்கள்.

காளானில்தான் முக்கால்வாசிப் பேர் அவசரப்படுவார்கள். வெங்காயத்தோடு சேர்த்து வாணலியில் கொட்டி, உப்பும் போட்டு, மூடியும் வைத்துவிடுவார்கள். காளான் தன் தண்ணீரிலேயே வெந்து ரப்பராகிவிடும். அகலமான வாணலியைக் காயவைத்து, எதுவும் ஊற்றாமல் வெறும் காளானைப் பரப்புங்கள். இரண்டு நிமிடத்தில் தண்ணீர் விடும், சளசளவென்று சத்தம் வரும். கிளறாமல் விட்டால் அந்தச் சத்தம் மெல்ல அடங்கி, திடீரென்று சடசடவென்று மாறும். தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். வெண்ணெய் ஒரு துண்டும் உப்பும் அப்போது போடுங்கள். விளிம்பு பொன்னிறமாகச் சுருண்டு, அளவு மூன்றில் ஒரு பங்காகியிருக்கும். ஷெர்ரியை இதன் மேல் ஊற்றி, அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி விட்டு, சுண்டியதும் தனியே எடுத்து வையுங்கள்.

அதே வாணலியில் 70 கிராம் வெண்ணெய், இல்லையென்றால் பாதி வெண்ணெய் பாதி வழித்தெடுத்த கொழுப்பு. பொடியாக அரிந்த வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, பூண்டு போட்டு, மைதாவைத் தூவுங்கள். தீ மிதமாகவே இருக்கட்டும். நெய்யில் கடலை மாவு வறுத்துப் பழகிய கைக்கு இது தெரிந்த வேலைதான்: பச்சை வாசனை போக வேண்டும், நிறம் ஏறக்கூடாது. இரண்டு நிமிடம். பிறகு வெதுவெதுப்பான சாறை ஒரு கரண்டி ஊற்றிக் கிளறுங்கள். களி மாதிரித் திரண்டு பயமுறுத்தும், பயப்படாதீர்கள். இன்னொரு கரண்டி, கிளறல், இன்னொரு கரண்டி. நான்கைந்து கரண்டிக்குப் பிறகு அது வழவழப்பாக இளகிவிடும், மிச்சத்தை மொத்தமாக ஊற்றலாம். மூன்று கப்பையும் முதலிலேயே கொட்டினால்தான் கட்டி தட்டும். சாறு முடிந்து பால், பால் முடிந்து க்ரீம். ஒரு கொதி வந்தே ஆக வேண்டும், அப்போதுதான் மாவு முழுசாகக் கெட்டிப்படும். பால் திரிந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம், மாவு கலந்திருப்பதால் அவ்வளவு சுலபத்தில் திரியாது. கொழுப்பெடுத்த பால் மட்டும் வேண்டாம்.

மினசோட்டாவுக்கு வந்த புதிதில் எதிர்வீட்டு அம்மாள் ஒருவர் எனக்கு இந்தப் பதத்தைக் காட்டிக்கொடுத்தார். எண்பதைத் தாண்டியவர், கை நடுங்கும். மரக்கரண்டியைச் சாஸில் முக்கி எடுத்து, திருப்பி, அதன் முதுகில் ஆள்காட்டி விரலால் ஒரு கோடு இழுத்தார். கோடு அப்படியே நின்றது. எனக்கு அது சரியான பதமாகத் தெரிந்தது. அவர் தலையை ஆட்டி, அரைக் கப் சாறை எடுத்து ஊற்றிக் கலக்கி, மறுபடி இழுத்தார். இந்த முறை கோட்டின் மேல் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு மெதுவாக இறங்கிக் கோட்டை நனைத்தது. "இப்போது போதும், ஸ்பகெட்டிக்குத் தாகம் எடுக்கும்" என்றார். அந்தக் கிழவிக்கு முன்னால் நான் செய்த டெட்ராசினிகள் எல்லாம் கத்தியால் வெட்டிப் பரிமாற வேண்டியவை. ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் பாட்லக் விருந்து ஒன்றுக்கு எடுத்துப் போனதை ஒரு குழந்தை கேக் என்று நினைத்துக் கேட்டு வாங்கி, வாயில் வைத்துவிட்டு அழுதது. வெந்த நூடுல்ஸ் ஓவனில் இருக்கும் அரைமணி நேரமும் சாஸை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே அடுப்பில் இருக்கும்போது சாஸ் குருமாவைவிடத் தளர, ரசத்தைவிடக் கெட்டியாக இருக்கட்டும். இது ரொம்ப நீர்க்கவிட்டதோ என்று சந்தேகம் வரும் அந்த இடத்தில் நிறுத்துங்கள்.

ஸ்பகெட்டியைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு மூன்று நிமிடம் முன்னாலேயே வடித்துவிடுங்கள். கடித்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். வடித்த தண்ணீரில் ஒரு கப் எடுத்து வையுங்கள், கடைசியில் தளர்த்த உதவும்.

அடுப்பை அணைத்த பிறகு சாஸில் பார்மஜான் முக்கால் பங்கு, ஜாதிக்காயை நாலு இழுப்பு துருவி, மிளகுத்தூள் தாராளமாக, அரை மூடி எலுமிச்சைச் சாறு. இந்த இடத்தில்தான் உப்புப் பார்க்க வேண்டும், முன்னால் இல்லை. சாறிலும் சீஸிலும் கறியிலும் ஏற்கெனவே உப்பு உண்டு. பிறகு காளான், பட்டாணி, ஸ்பகெட்டி, எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கறி. கறி ஏற்கெனவே வெந்தது, அதற்குச் சூடு ஏறினால் போதும். இனி வேகவைக்க எதுவும் இல்லை. சாஸ் கொதிக்கும்போதே அதைப் போட்டு இன்னும் பத்து நிமிடம் விட்டால், வியாழக்கிழமை ஓவனில் கெட்டது போதாதென்று சனிக்கிழமையும் கெடும்.

வெண்ணெய் தடவிய ட்ரேயில் கொட்டிப் பரப்பி, மிச்ச வெண்ணெயில் புரட்டிய ரொட்டித் தூளும் மிச்சச் சீஸும் தூவி, 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது ஏறக்குறைய 200 செல்சியஸில், இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிடம். ஓரத்தில் குமிழி கொப்பளித்து, மேலே பழுப்பு நிறம் வர வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் குத்திப் பாருங்கள், 165 ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும், 74 செல்சியஸ். எடுத்ததும் பரிமாறாதீர்கள், பத்து நிமிடம் ஆறட்டும். ஆறும்போது சாஸ் நூடுல்ஸோடு பிடிபட்டு ஒன்றாகிவிடும். வான்கோழியோடு செய்யும் ரொட்டிக் கலவையான ஸ்டஃபிங் மிச்சமிருந்தால் ரொட்டித் தூளுக்குப் பதில் அதை உதிர்த்துப் போடுங்கள். அதிலுள்ள சேஜ் இலை வாசனைக்கு ரொட்டித் தூள் பக்கத்தில் நிற்க முடியாது.

கிரேவி மிச்சமிருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் யோகம். ஒரு கப் கிரேவி சேர்த்தால் ஒரு கப் சாறையும் ஒன்றரை மேசைக்கரண்டி மைதாவையும் குறைத்துக்கொள்ளுங்கள், அதில் மாவு ஏற்கெனவே இருக்கிறது. கறிக்கு மேல் ஊற்றி வைத்த கிரேவியையும் அப்படியே இந்தக் கணக்கில் சேர்த்துவிடலாம்.

ஷெர்ரி விஷயம். கொதித்தால் மது முழுக்கப் பறந்துவிடும் என்று சொல்வார்கள், அது சரியில்லை, கொஞ்சம் தங்கும். மது கூடாது என்ற வீட்டில் அந்தச் சமாதானத்தை நம்பி ஊற்றாதீர்கள். காய்ந்த காளான் ஒரு பிடியை வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீர் கால் கப்போடு ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்து ஊற்றினால் ஆழமான ருசி வந்துவிடும். மளிகைக் கடையில் வினிகர் வரிசையில் விற்கும் 'குக்கிங் ஷெர்ரி' மட்டும் வேண்டவே வேண்டாம். உப்பு போட்டது, மொத்த ட்ரேயும் கரித்துப்போகும்.

கரம் மசாலா போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். போடலாம், உங்கள் வீடு, உங்கள் ட்ரே. ஆனால் இஞ்சி பூண்டு விழுதும் மல்லித்தூளும் போட்டால் அது ஸ்பகெட்டி குருமா, டெட்ராசினி இல்லை. க்ரீமுக்குக் காரம் வேண்டும் என்று நாக்கு அடம்பிடித்தால், காளான் சிவந்ததும் ஒரு பச்சை மிளகாயைப் பொடியாக அரிந்து போடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். மிளகு ஏற்கெனவே நம் பக்கத்திலிருந்து போனதுதான், அவர்கள் சமையலில் நாம் முன்பே கொஞ்சம் இருக்கிறோம்.

சாஸ் செய்ய நேரமே இல்லை என்றால் கேம்ப்பெல்ஸ் க்ரீம் ஆஃப் மஷ்ரூம் டின் இரண்டு உடைத்து, இரண்டு கப் சாறு ஊற்றித் தளர்த்தலாம். 1934இலிருந்து இந்த நாட்டின் பாதி வீடுகளில் நடப்பது அதுதான். மினசோட்டாப் பக்கம் தேவாலயச் சமபந்திகளில் எல்லா ஹாட்டிஷையும் ஒட்டவைப்பது அந்த டின்தான் என்பதால் அதற்கு 'லுத்தரன் பைண்டர்', லுத்தரன் சபைப் பசை என்று கிண்டல் பெயர். நானும் செய்திருக்கிறேன், வெட்கப்பட ஒன்றுமில்லை. உப்பு அதிகம், வேறு உப்பே போடாதீர்கள். சாறு மட்டும் வீட்டுச் சாறாக இருக்கட்டும். டின் வாசனையை அது முக்கால்வாசி மறைத்துவிடும்.

மிஞ்சிய கறியை ட்ரேயாகச் செய்து ஃப்ரீசரில் வைக்க நினைக்காதீர்கள். மாவும் க்ரீமும் உறைந்து உருகினால் தண்ணீர் வேறு திப்பி வேறாகப் பிரிந்துவிடும். கறியாகவே சாறில் மூழ்கவைத்து, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று உறையவிடுங்கள். நான்கு மாதத்துக்குள் எடுத்துச் சமைத்தால் ருசி குறையாது. சமைத்த ட்ரேயில் மிஞ்சியதை மறுநாள் மதியத்தோடு முடித்துவிடுங்கள். சூடாக்கும்போது ஒரு கரண்டி பால் தெளித்து, ஃபாயிலால் மூடி ஓவனில் வைத்தால் இளகி வரும்.

உங்களிடம் இன்னும் ஒன்றரை, இரண்டு லிட்டர் சாறு நிற்கும். அதற்கு எங்கள் ஊர் வழி ஒன்று, சுருக்கமாகச் சொல்கிறேன். வைல்டு ரைஸ் என்று கடையில் விற்கும் கறுப்பு அரிசி, உண்மையில் நெல் இனமில்லை, ஏரியில் வளரும் ஒரு புல்லின் விதை. இங்குள்ள ஒஜிப்வே பழங்குடி மக்கள் அதை மனோமின் என்பார்கள். கோடை முடியும் சமயத்தில் படகில் போய், கதிரை வளைத்துக் கோலால் தட்டிப் படகுக்குள்ளேயே உதிர்த்து எடுப்பார்கள். அதை ஒரு கப் தனியாக, விதை வெடித்து உள்வெள்ளை தெரியும் வரை முக்கால் மணி நேரம் வேகவையுங்கள். கேரட், செலரி, வெங்காயம் வதக்கி, மேலே சொன்ன அதே மாவுச் சாஸைப் பாதி மாவில், இரண்டு பங்கு சாறில் செய்து, வெந்த அரிசியும் ஒரு பிடி கறியும் சேர்த்தால் சூப். சாஸில் அரிசியை நேராகப் போட்டு வேகவைக்க வேண்டாம், விதை வேகுமுன் பால் அடிப்பிடித்துவிடும். ஞாயிறு இரவுக்கு ஆயிற்று. திங்கட்கிழமைக்குக் கறி இருக்காது என்று நினைக்கிறேன்.

டெட்ராசினி பரிமாறும்போது மிச்ச கிரான்பெரி சாஸையும் மேசைக்குக் கொண்டு வாருங்கள். இவ்வளவு வெண்ணெய்க்குப் பக்கத்தில் ஒரு புளிப்பு வேண்டும், தயிர் சாதத்துக்கு ஊறுகாய் மாதிரி. ட்ரேயின் நான்கு மூலைகளையும் யாருக்கு என்று முன்பே பேசி முடித்துவிடுங்கள். மொறுமொறுப்பு அங்கேதான் அதிகம், எங்கள் வீட்டில் வருஷா வருஷம் சண்டை.